ரேட் என்ன ப்ரோ?

இருபத்திரண்டு வருஷம் அச்சகம் நடத்தி, மெஷினை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் தொழில் செய்கிற வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பக்கம் இது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: சேவைத் தொழில் செய்பவர்கள் கட்டணத்தை இணையத்தில் போடலாமா, கூடாதா?

கும்பகோணத்தில் எட்டு வருஷமாகக் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் பத்துப் பேர் 'ரேட் என்ன ப்ரோ' என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் 'டிஎம் ப்ளீஸ்', அதாவது தனிச் செய்தியில் வாங்க என்று பதில் போடுகிறேன். ஏழு பேர் வருவதே இல்லை, வந்த மூன்று பேரும் ரேட்டைக் கேட்டதும் 'வீட்ல பேசிட்டுச் சொல்றேன்' என்று காணாமல் போகிறார்கள். ரேட்டை வெளியிலேயே போட்டுவிடலாம் என்றால், 'பக்கத்து ஸ்டூடியோக்காரன் ஆயிரம் குறைச்சுப் போடுவான், பாத்துக்க' என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். — ஒரு போட்டோகிராபர், கும்பகோணம்

போடுங்கள். முதலில் அந்தப் பக்கத்து ஸ்டூடியோ பயத்தை முடித்துவிடுவோம். உங்கள் ரேட் அவருக்கு எப்போதோ தெரியும் தம்பி. இரண்டு பேருக்கும் ஆல்பம் அடித்துக் கொடுக்கிற லேப் ஒன்று, ட்ரோனோடு வருகிற பையன் ஒருவன், மண்டபத்து மேனேஜரும் ஒருவர். சீசன் இல்லாத மாதத்தில் இவர்களெல்லாம் டீக்கடையில் வேறு எதைப் பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் ரேட் தெரியாமல் இருப்பது பெண்ணின் அப்பாவுக்கு மட்டும்தான். போட்டியாளருக்குத் தெரிந்ததை வாடிக்கையாளரிடம் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெண்ணின் அப்பாவோ அண்ணனோ 'டிஎம் ப்ளீஸ்' என்பதை எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 'இவன் என் பக்கத்துக்குள்ள போய்ப் பாப்பான், காரு முன்னாடி நிக்கிற போட்டோ இருக்கா, துபாய்ல இருக்கானா, எந்த மண்டபம்னு கேப்பான், அப்புறம் ஒரு ரேட் சொல்லுவான்.' நீங்கள் மண்டபம் எது என்று கேட்பது லைட் எத்தனை கொண்டுபோகணும், மேடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அவருக்கு அது தெரியாது. பெரிய ரேட்டைப் பார்த்து ஓடுகிறவர்கள் குறைவு, ஆளைப் பார்த்து ரேட் சொல்வார்களோ என்று ஓடுகிறவர்கள்தான் நிறைய. இதை நான் சொந்தக் கடையில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆல்பங்கள் அடுக்கி வைத்திருப்பேன். ஒவ்வொரு கார்டின் பின்னாலும் மூலையில் பென்சிலால் இரண்டு எழுத்து, 'கம', 'தப' என்கிற மாதிரி. அது எங்கள் கடைக் குறி. எழுத்துக்கு எழுத்து எண், எங்களுக்கு மட்டும் புரியும். வருகிறவரின் செருப்பையும் கைப்பையையும் பார்த்துவிட்டு அந்த விலைக்குமேல் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதற்கு வசதியாக, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொடுத்த ஏற்பாடு அது. ஒருநாள் ஒரு பெரியவர், மகள் கல்யாணத்துக்கு 500 பத்திரிகை அடிக்க வந்தவர், ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, எனக்குப் புரியாத பாஷையில எழுதி வச்சிருக்கீங்க?" என்றார். நான் ஏதோ ஸ்டாக் நம்பர் என்று சமாளித்தேன். அவர் கார்டை மெதுவாக ஆல்பத்திலேயே செருகி வைத்தார். மோர் குடிக்கச் சொன்னேன், குடித்தார், போய்விட்டார். திரும்பி வரவில்லை.

அந்த வாரமே ரப்பரை எடுத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'கார்டு மட்டும் 9 ரூபாய், அச்சோடு 500-க்கு இவ்வளவு, 1,000-க்கு இவ்வளவு' என்று எழுதினேன். அப்புறம் ஆட்கள் ஆல்பத்தைப் பின்பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார்கள், அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். விலையை முதலில் பார்த்து, பிடித்த விலையில் பிடித்த பிள்ளையாரைத் தேடுவார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆல்பத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனவர்களும் உண்டு. ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நாலு டீ குடித்து, கடைசியில் 'கட்டாதுங்க' என்று எழுந்து போகிறவர்கள் இல்லாமல் போனார்கள். எனக்கு மிச்சமானது அந்த இரண்டு மணி நேரம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 'ரூ. 25,000 முதல்' என்று மட்டும் போடாதீர்கள். அந்த 'முதல்' என்கிற சொல்லை நம்பி வந்து ஏமாறாதவர்களே கிடையாது. 25,000-க்கு நீங்கள் கடைசியாக ஒரு கல்யாணம் எடுத்தது எப்போது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதில், 'எங்களிடம் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 70 முதல் 90 ஆயிரம் வரை ஆகியிருக்கிறது' என்று போட்டுப் பாருங்கள். அதன் கீழே ஒரு வேலையை முழுசாக விரித்துச் சொல்லுங்கள்: முகூர்த்தம் மட்டும், அதிகாலை 4 மணியிலிருந்து மதியப் பந்தி வரை, ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், இத்தனை பக்க ஆல்பம் ஒன்று, ரூ. 75,000. அப்புறம் எதெதில் ஏறும் என்று எழுதுங்கள். முதல் நாள் ரிசப்ஷன், ட்ரோன், கேண்டிடுக்குத் தனி ஆள், மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டாவது ஆல்பம், வெளியூர் என்றால் தங்குகிற செலவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. படிக்கிறவர் தன் கல்யாணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று தானே கூட்டிக்கொள்ளட்டும்.

ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் வரியைச் சேர்த்த தொகையைப் போடுங்கள். போட்டோ வேலைக்கு 18 சதவீதம், 75,000-க்கு 13,500. 75 என்று பேசி, கடைசியில் 88,500 என்று பில் நீட்டினால், கல்யாண வீட்டில் அந்த 13,500-ஐப் பற்றித்தான் ஒரு மாதம் பேசுவார்கள், நீங்கள் எடுத்த படத்தைப் பற்றி இல்லை.

ரேட் போட்ட முதல் மாதம் விசாரிப்புகள் குறையும். பயப்படாதீர்கள், அந்த ஏழு பேர் எப்படியும் வரவில்லையே.

வீட்டிலேயே ஆரி ஒர்க் செய்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ப்ளவுஸ் படம் போடுவேன், ரேட் போட மாட்டேன். போட்டால் சொந்தக்காரர்களே 'ஒரு ப்ளவுசுக்கு நாலாயிரத்து ஐநூறா!' என்பார்கள். கேட்கிறவர்களைப் பொறுத்து கொஞ்சம் குறைத்துக் கொடுப்பேன். போன மாதம் ஒரே டிசைனை ஒருவருக்கு 3,200-க்கும் இன்னொருவருக்கு 4,500-க்கும் செய்தேன். இரண்டு பேரும் ஒரே தெரு என்று அப்புறம்தான் தெரிந்தது. 4,500 கொடுத்தவர் இப்போது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். — ஒரு வாசகி, பொள்ளாச்சி

அம்மா, அந்தத் திரும்பிய முகம் ஒரு நியாயமான முகம். முதலில் அவரிடம் போய்விடுங்கள். 'அவங்க தெரிஞ்சவங்க, கேட்டாங்க, குறைச்சுட்டேன், உங்ககிட்ட வாங்கினதுதான் சரியான ரேட்' என்று சொல்லுங்கள். அடுத்த லைனிங் ப்ளவுசைத் தையல் கூலி வாங்காமல் தைத்துக் கொடுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் 4,500 தப்பான ரேட் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் படத்தோடு ரேட்டைப் போடுங்கள். ரேட்டோடு நாளையும் போடுங்கள். இதுதான் உங்கள் தொழிலில் முக்கியம். 'இந்த இரண்டு கை, இந்த முதுகு டிசைன், ஜர்தோசி, கல், ஜமிக்கி எல்லாம் சேர்த்து ரூ. 4,500, ஐந்து நாள் வேலை.' அந்த ஐந்து நாள் என்பதைப் படித்த பிறகு நாலாயிரத்து ஐநூறா என்று கேட்பதற்கு வாய் கொஞ்சம் தயங்கும். பொருள் செலவு ஆயிரத்து ஐநூறு போனால் ஒரு நாளைக்கு 600 ரூபாய். கழுத்தை வளைத்து, கண்ணைச் சுருக்கி ஃப்ரேமின்மேல் குனிந்து உட்கார்ந்திருப்பதற்கு 600. வயல் வேலைக்கே இன்றைக்கு என்ன கூலி என்று பொள்ளாச்சியில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உங்கள் ரேட்டே குறைவோ என்றுதான் தோன்றுகிறது.

சொந்தக்காரர்கள் விஷயம் தீராத விஷயம். நாத்தனார் மகளுக்கு ஒன்றுமே செய்யாமல் இருக்க முடியாது. செய்யுங்கள், ஆனால் ரேட்டைத் தொடாதீர்கள். ப்ளவுஸ் 4,500-தான், பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது என் அன்பளிப்பு என்று சொல்லிவிடுங்கள். குஞ்சத்துக்கும் தனி ரேட்டை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஏசி மெக்கானிக் நான். போய்ப் பார்க்காமல் ரேட் எப்படிச் சொல்வது? கேஸ் லீக்கா, போர்டு போச்சா, வெறும் தூசியா, திறந்தால்தானே தெரியும்? டாக்டரிடம் போனில் 'வயித்து வலிக்கு எவ்வளவு சார்' என்று கேட்பார்களா? — திருச்சி வாசகர்

திறந்து பார்க்கும் உங்கள் தொழிலாவது பரவாயில்லை. போர்வெல் போடுகிறவருக்குத் தரைக்குக் கீழே 600 அடியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தண்ணீர் 200 அடியில் வருமா, 900-லும் வராதா, நடுவில் பாறையா, மண் சரியுமா, ஒன்றும் தெரியாது. ஆனால் திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரி வாசலில் வந்து நிற்கும்போது ரேட் பேசித்தான் வேலை ஆரம்பிக்கும், எத்தனையோ வருஷமாக. எப்படி? மொத்தத் தொகையை யாரும் சொல்வதில்லை, கணக்கைச் சொல்கிறார்கள். முதல் சில நூறு அடி வரை அடிக்கு இவ்வளவு, அதற்குமேல் ஒவ்வொரு 100 அடிக்கும் அடி ரேட் இவ்வளவு ஏறும். மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப் அடிக்கு இவ்வளவு தனி. டீசல் விலை ஏறினால் அடி ரேட்டும் ஏறும் என்பது ஊருக்கே தெரியும். வீட்டுக்காரர் லாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ராடை எண்ணிக்கொண்டிருப்பார். மனசுக்குள் கூட்டிக்கொண்டே வருவார், 700 அடி ஆனதும் 'போதும், நிறுத்துங்க' என்பார். தெரியாத வேலைக்கும் தெரிந்த கணக்கு.

நம் ஊரில் பழைய தொழில்கள் பெரும்பாலும் இப்படி ஒரு அளவைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. எலெக்ட்ரீஷியனுக்குப் பாயிண்ட், பெயிண்டருக்குச் சதுரடி, சமையல்காரருக்கு இலை. 'இலைக்கு எவ்வளவு' என்று கேட்டால் கேட்டரிங்காரர் முழிப்பதில்லை. காலை டிபன் இத்தனை அயிட்டம் என்றால் இவ்வளவு, மதியம் பாயசம் இரண்டு என்றால் இவ்வளவு, பேசின இலைக்குமேல் போனால் அதே ரேட்.

அதே போர்வெல்லில் திருட்டுத்தனமும் உண்டு, அதையும் சொல்லிவிடணும். போனில் அடி ரேட்டை மட்டும் மலிவாகச் சொல்லி வரவழைத்துவிட்டு, பைப் ரேட்டில் பிடித்துக்கொள்வது. மண் இளகலாக இருக்கும் இடத்தில் பைப் எத்தனை அடி இறங்கும் என்று அனுபவம் உள்ளவருக்கு முன்கூட்டியே ஓரளவு தெரியும். அதைச் சொல்லாமல் விடுவார். வீட்டுக்காரர் பாதிக் குழியில் என்ன செய்ய முடியும்?

ஆகவே நீங்கள் போட வேண்டியது இதுதான். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு விசிட்டிங் சார்ஜ் எவ்வளவு, வேலை கொடுத்தால் அது கழியுமா கழியாதா. வாட்டர் சர்வீஸ் ஸ்பிளிட்டுக்கு எவ்வளவு, விண்டோவுக்கு எவ்வளவு. கேஸ் ஏற்ற, ஆர்-22 என்றால் இவ்வளவு, ஆர்-32 என்றால் இவ்வளவு. கழற்றி வேறு வீட்டில் மாட்ட இவ்வளவு, காப்பர் பைப் கூடுதலாகப் போட்டால் அடிக்கு இவ்வளவு. உங்கள் வேலையில் முக்கால்வாசி இதிலேயே வந்துவிடும். மிச்சம் போர்டு, கம்ப்ரசர். அதற்கு ஒரே வரி: 'பார்த்த பிறகுதான் சொல்ல முடியும், சொல்லி நீங்கள் சரி என்ற பிறகுதான் தொடுவோம், வேண்டாம் என்றால் விசிட்டிங் சார்ஜ் மட்டும்.' இந்தக் கடைசி வரியை நான் நிறைய மெக்கானிக் கார்டுகளில் அடித்துத் தர முயன்றிருக்கிறேன், இடமில்லை சார், நாலு கம்பெனி பேரைப் போடுங்க என்பார்கள்.

டாக்டர் உதாரணம் சொன்னீர்களே, டாக்டரும் கன்சல்டேஷன் ஃபீஸைச் சொல்லிவிட்டுத்தான் உட்காரவைக்கிறார்.

உங்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் தொழில் செய்பவர்கள், நான் மாட்டிக்கொண்டவன். இணையத்தில் 399 ரூபாய்க்கு ஏசி சர்வீஸ் என்று பார்த்துப் புக் செய்தேன். வந்த பையன் கேஸ் கம்மி, கெப்பாசிட்டர் வீக் என்று ஆரம்பித்து, போகும்போது 3,850 வாங்கிக்கொண்டு போனான். இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா? — ஒரு வாசகர், வேளச்சேரி

உண்டு. ஆனால் முதலில் இரண்டையும் பிரியுங்கள். 399-க்கு வந்தவர் உண்மையிலேயே கெட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடித்து, ரேட் சொல்லி, நீங்கள் சரி என்று சொல்லிச் செய்திருந்தால் அது வேறு வேலை, அதில் ஏமாற்று கிடையாது. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டி ரீடிங் காட்டினாரா, மாற்றிய கெப்பாசிட்டரை உங்கள் கையில் கொடுத்தாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லை, அல்லது புக் செய்யும்போது காட்டாத 'ட்ராவல்', 'சேஃப்டி', 'கன்வீனியன்ஸ்' என்று பில்லில் முளைத்திருக்கிறது என்றால் விஷயம் வேறு.

இப்படி முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் போகப் போகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதற்கு ட்ரிப் ப்ரைசிங் என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 'டார்க் பேட்டர்ன்' என்று 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், அதில் இது ஒன்று. ஒன்றைக் காட்டி இழுத்து வேறொன்றைத் தலையில் கட்டுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. பொருளுக்கு மட்டும் இல்லை, சேவைக்கும் சேர்த்துத்தான். 1915-க்கு போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புக் செய்த ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் கையில் இருக்கட்டும். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போகணும். ஆனால் பில் வாங்காமல் பையனின் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பியிருந்தால் கஷ்டம். 'ஆப்ல போட்டா கமிஷன் போயிடும் சார், என் நம்பருக்கு அனுப்புங்க, முந்நூறு கம்மி பண்ணிக்கிறேன்' என்று கேட்டானா? அந்த முந்நூறில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ், பந்தல், லைட் செட் போடுகிறவர்கள் சங்கம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் ரேட் போட்டால் அடிதடி வரும், அதனால் சங்கமே ஒரே ரேட் கார்டு அடித்து, எல்லோரும் அதையே பேஸ்புக்கில் போட்டுவிடலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். நல்ல யோசனைதானே? — சங்கப் பொருளாளர், மதுரை மாவட்டம்

வெளிப்படையாகப் போடுவது நல்ல யோசனை. எல்லோரும் கூடி ஒரே ரேட் என்று முடிவெடுப்பது வேண்டாம். 2002 போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் பேசிவைத்துக்கொண்டு விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. சங்கத் தீர்மானமும் அதில் அடக்கம். நீங்கள் அதை மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருப்பீர்கள், புகார் கொடுக்கிறவருக்கு வேறு சாட்சியே தேவையில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முடிதிருத்துவோர் சங்கத்துக்கு வருஷா வருஷம் விலைப்பட்டியல் அட்டை அடித்துக் கொடுத்தவன் நான். கட்டிங், ஷேவிங், கட்டிங்-ஷேவிங், சிறுவர் கட்டிங், கீழே 'செவ்வாய் விடுமுறை'. கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் கூலியைச் சுவரில் எழுதி மாட்டிய முதல் சேவைத் தொழில் அதுதான் என்று நினைக்கிறேன். வக்கீல், எஞ்சினியர், புரோக்கர் யாரும் மாட்டாத காலத்தில் அவர்கள் மாட்டினார்கள். நாற்காலியில் உட்காரும் கலெக்டருக்கும் அதே ரேட், கூலிக்காரருக்கும் அதே ரேட் என்கிற மரியாதை அந்த அட்டையில் இருந்தது. அதே சமயம் பத்து ரூபாய் குறைத்துக் கட்டிங் செய்த கடைக்காரரைச் சங்கத்தில் கூப்பிட்டு அபராதம் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பலர் பார்க்கப் போட்டாலே விலை குறையும் என்றும் இல்லை. டென்மார்க்கில் 1993-ல் அரசின் போட்டி அமைப்பு, ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனிகள் உண்மையில் என்ன விலைக்கு விற்கின்றன என்று சில பகுதிகளில் வெளியிட ஆரம்பித்தது. விலை இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்குள் 15 முதல் 20 சதவீதம் ஏறிவிட்டது. இருந்ததோ ஒரு சில கம்பெனிகள், விற்றதோ ஒரே கான்கிரீட். யாராவது ஒரு பில்டருக்கு ரகசியமாகக் குறைத்துக் கொடுத்தால் மற்றவனுக்குத் தெரிந்துவிடும் என்று ஆனதும் யாரும் குறைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு கும்பகோணத்துத் தம்பி 'அப்போ போட வேண்டாமா' என்று கேட்கக் கூடாது. அவர் ஊரில் போட்டோகிராபர்கள் ஐம்பது பேர், ஐம்பது பேர் எடுக்கிற படமும் ஒன்று இல்லை. உங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் நாலு பேர், நாலு பேரிடமும் அதே பாக்ஸ், அதே ஜெனரேட்டர். அதனால்தான் உங்களுக்கு வேறு பதில். அவரவர் ரேட்டை அவரவர் போடட்டும். சங்கம் வேண்டுமானால் கார்டில் என்னென்ன விவரம் இருக்கணும் என்று ஒரு மாதிரியை மட்டும் கொடுக்கட்டும், தொகை இடத்தைக் காலியாக விட்டு.

நான் வக்கீல், தங்கை எம்பிபிஎஸ் முடித்து கிளினிக் வைத்திருக்கிறாள். இருவரும் சேர்ந்து வெப்சைட் செய்யலாம் என்று பார்க்கிறோம். கட்டணம் போடலாமா? — திருநெல்வேலி வாசகர்

வேடிக்கையான வீடு. உங்களுக்குக் கூடாது, தங்கைக்குக் கட்டாயம், ஆனால் வெப்சைட்டில் இல்லை.

இந்திய பார் கவுன்சில் விதி 36 வக்கீல்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-ல் கொஞ்சம் தளர்த்தி வெப்சைட் வைக்க அனுமதித்தார்கள், அதிலும் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு என்பது வரைதான். ஃபீஸ் பட்டியல் அதில் வராது. இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிர், 2018 டிசம்பரிலிருந்து வீடு வாங்கும் விற்கும் வேலை போன்ற சிலவற்றுக்கு சொலிசிட்டர் எனப்படும் வக்கீல்கள் கட்டணத்தை வெளியிட்டே ஆகணும். நம் ஊரில் கட்சிக்காரர் வக்கீல் ஆபீஸ் படியேறும்வரை ஒன்றும் தெரியாது, ஏறிய பிறகும் சில சமயம் தெரியாது. இந்த விதி மாறணும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதை நீங்கள் சொந்த வெப்சைட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தங்கைக்கு, 2002-ம் வருஷத்து மருத்துவர் நடத்தை விதிகள், ஃபீஸை அறையில் தெளிவாகத் தெரியும்படி வைக்கச் சொல்கின்றன, சிகிச்சைக்கு முன்பே சொல்லவும் சொல்கின்றன. ஒரு அட்டை அடித்துச் சுவரில் மாட்டட்டும். விளம்பரத்துக்கு அதே விதிகளில் கட்டுப்பாடு இருப்பதால் 'ஆடித் தள்ளுபடி' ரகப் போஸ்டர் மட்டும் வேண்டாம்.

டியூஷன் எடுக்கிறேன். ஃபீஸை கூகுளில் ஒருமுறை போட்டுவிட்டால் அப்புறம் ஏற்றவே முடியாதே? — ஆசிரியை, காரைக்குடி

தேதி போடாமல் போட்டால் முடியாது. சென்னை ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அரசு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று நிர்ணயித்தது. அதன் பிறகு பெட்ரோல் ஏறியது, வீட்டு வாடகை ஏறியது, அந்த 12 பல வருஷம் அங்கேயே நின்றது. மீட்டர் வண்டியில் இருக்கும், ஓடாது. பயணியிடம் கேட்டால் ஓட்டுநரைத் திட்டுவார், ஓட்டுநரைக் கேட்டால் அந்த 12-ஐத் திட்டுவார்.

அதனால் 'இந்த ஃபீஸ் 2026 ஜூன் முதல் 2027 ஏப்ரல் வரை' என்று எழுதியே போடுங்கள். புது ஃபீஸை ஏப்ரல் கடைசியிலேயே மாற்றிவிடுங்கள், பெற்றோர் விசாரிக்கிற நேரம் அது. ஏற்கெனவே உங்களிடம் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குப் பத்தாவது முடியும்வரை பழைய ஃபீஸ்தான் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள், நடுவில் அழைத்துக்கொண்டு போக மாட்டார்கள். அப்புறம், தேர்வு நேரத்து ஸ்பெஷல் கிளாசுக்குத் தனிக் காசு வாங்குவீர்கள்தானே? அதையும் இப்போதே போட்டுவிடுங்கள், பிப்ரவரியில் சொல்லாதீர்கள்.